நாற்றின் தண்டுக்குள் கரும்புள்ளிகள்

ஸ்பெயினின் வலென்சியா மாகாணத்தில், ஐயெலோ தெ மல்ஃபெரித் என்னும் சிற்றூரைச் சுற்றித் திராட்சை நாற்றுப் பண்ணைகள் நிறைய உண்டு. அந்த வட்டாரத்துப் பண்ணை ஒன்றில்தான் நான் வேலை செய்கிறேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் நிலத்திலிருந்து பிடுங்கி வந்த ஒட்டு நாற்றுகளைத் தரம் பிரித்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுகிற நீளமான மேசையின் ஓரத்தில் எனக்கென ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில நாற்றுகளை எடுத்துக் கவாத்துக் கத்தரியால் குறுக்கே வெட்டிப் பார்ப்பது அங்கே என் வேலை. விற்றால் காசாகக்கூடிய நாற்றை வெட்டி வீணாக்குகிறவன் என்பதால், மேசையில் என்னை யாரும் அவ்வளவாக விரும்புவதில்லை.

நல்ல நாற்றை வெட்டினால் தண்டு இளம்பச்சை கலந்த வெண்மையாக, ஈரமாக இருக்கும். நடுவில் நெட்டி மட்டும் பழுப்பாகத் தெரியும். சிலவற்றில் அந்த நெட்டியைச் சுற்றி, ஊசியால் வட்டமாகக் குத்தி வைத்தது போலக் கரும்புள்ளிகள் இருக்கும். வெட்டிய துண்டை மேசை மீது நிறுத்தி வைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கடுகளவு தார் போன்ற கருப்புத் துளி எழும்பி நிற்கும். முதல் ஆண்டு அதைப் படம் எடுத்து, கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை விளைவிக்கும் அப்பாவுக்கு அனுப்பினேன். "என்னப்பா, கொடிக்கும் ரத்தக்குழாய் அடைப்பா?" என்று கேட்டார். பாடப்புத்தகத்தில் நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அது சரியாக இருந்தது. வேரிலிருந்து மேலே நீர் ஏறும் குழாய்களுக்குள் பூசணம் புகுந்ததும், கொடியே தற்காப்புக்காகப் பிசினைச் சுரந்தும் பக்கத்துச் செல்களை உப்ப வைத்தும் குழாயை அடைத்துக்கொள்கிறது. கரும்புள்ளி என்பது அவ்வாறு அடைபட்ட குழாயின் வாய்.

குறுக்கே வெட்டினால் புள்ளிகளாகவும் நெடுக வெட்டினால் கோடுகளாகவும் தெரியும் இந்தக் கருமையை 1912இல் இத்தாலிய நோயியலாளர் லியோனெல்லோ பெட்ரி விவரித்தார். அவர் நினைவாகவே இது இன்று பெட்ரி நோய் எனப்படுகிறது. ஃபேயோமோனியெல்லா கிளாமிடோஸ்போரா என்னும் பூசணமும், ஃபேயோஅக்ரிமோனியம் பேரினத்தைச் சேர்ந்த பல பூசணங்களும் இதற்குக் காரணம். நாற்றில் காணும் தண்டு நோய்களில் இரண்டாவது, கருங்கால் நோய். இது மண்ணிலிருந்து வந்து, வேர்ச்செடியின், அதாவது ஒட்டில் கீழே இருந்து வேர் தரும் செடியின், அடிப்பகுதியை வெளியிலிருந்து உள்நோக்கிக் கருக வைக்கும். முன்பு சிலிண்ட்ரோகார்ப்பான் என்ற ஒரே பெயரில் அழைத்த பூசணங்களை இன்று டாக்டைலோநெக்ட்ரியா, இலியோநெக்ட்ரியா, கம்பைலோகார்ப்பான் எனப் பிரித்துவிட்டார்கள். மூன்றாவதாக, ஒட்டுப் போட்ட இடத்தை அதிகம் பிடிக்கும் போட்ரியோஸ்பேரியா குடும்பத்துப் பூசணங்கள் உண்டு. ஒரே நாற்றில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சாதாரணமே.

இவற்றில் மனத்தைச் சோர வைப்பது என்னவென்றால், நோயுள்ள நாற்று வெளியே பார்க்க நோயற்றதைப் போலவே இருக்கும். விவசாயி அதை நட்டு, கம்பி கட்டி, சொட்டுநீர்க் குழாய் இழுத்துவிட்ட பிறகு, முதல் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, கோடையில் கொடிக்கு நீர் அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது தயங்கத் தொடங்கும். தளிர் தாமதமாக வரும், கணுவிடைகள் குட்டையாகும், இலையோரம் கருகும். விவசாயி முதலில் தண்ணீரைச் சந்தேகிப்பார், பிறகு உரத்தை, பிறகு மண்ணை. நாற்றைச் சந்தேகிக்கும்போது ரசீது எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் அடிப்படையாக ஒரு பழைய கதை இருக்கிறது. 1860களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சில் தொடங்கி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அதைத் தாங்கக்கூடிய அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் மீது ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக் கட்டுவதே நிலைத்த தீர்வாயிற்று. ஸ்பெயினில் மிகுதியாகப் பயன்படும் 110 ரிக்டர் என்னும் வேர்ச்செடி, பெர்லாண்டியேரி, ரூபெஸ்ட்ரிஸ் என்னும் இரண்டு அமெரிக்க இனங்களின் கலப்பு. வேர்ப்பூச்சிக்கு ஒட்டுதான் மருந்து. ஆனால் ஒட்டு என்பது காயம். தண்டுப் பூசணங்களுக்கோ காயம்தான் வாசல்.

ஒரு நாற்று எத்தனை காயங்களைத் தாங்கி வருகிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். தாய்க்கொடியிலிருந்து குச்சியை வெட்டுவது ஒன்று. முப்பது நாற்பது சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கும்போது இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று. வேர்ச்செடிக் குச்சி கீழிருந்து தளிர்க்காமல் இருக்க அதன் கண்களையெல்லாம் கத்தியால் செதுக்கி எடுக்கிறார்களே, அதில் மூன்று நான்கு. ஒமேகா வடிவத்தில் வெட்டும் ஒட்டு இயந்திரத்தில் மேலும் கீழும் இரண்டு. பிறகு நாற்றங்காலில் நடும் முன்பும், பிடுங்கிய பின்பும் வேரையும் தளிரையும் கத்தரிப்பதைச் சேர்த்தால் கணக்கு பத்தைத் தாண்டிவிடும். இவற்றில் கண் செதுக்கிய காயத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தண்டின் பக்கவாட்டில், மண்ணுக்குள் புதையும் பகுதியிலேயே அது இருக்கிறது என்பதால், என் பார்வையில் மற்றவற்றைவிட அதற்கே அதிகக் கவனம் தேவை.

முதல் தொற்று பெரும்பாலும் தாய்த்தோட்டத்திலேயே நேர்ந்துவிடுகிறது. மத்தியதரைக் கடலோரத்தில் வேர்ச்செடித் தாய்க்கொடிகளைப் பந்தலோ கம்பியோ இல்லாமல் தரையில் படர விடுவது நெடுநாள் வழக்கம். ஆண்டுதோறும் அடியோடு வெட்டப்படும் அந்தக் கொடியின் தலை, பழைய வெட்டுக் காயங்களால் ஒரு முண்டு போலாகிவிடும்; அதன் உட்புறத்தில் பூசணம் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும். அங்கிருந்து வித்துகள் நீரோட்டத்தோடு புதுக் கொம்புகளுக்குள் ஏறுகின்றன. மழையில் தெறித்துப் பட்டை மீதும் ஒட்டிக்கொள்கின்றன. எங்கள் பண்ணை தாய்க்கொடிகளைக் கம்பி மீது ஏற்றத் தொடங்கியபோது, செலவு அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. கம்பி மீது ஏறிய கொடியில் மண் ஒட்டாத, நேரான, முதிர்ந்த குச்சிகள் கிடைக்கின்றன என்பதைக் கண்ட பிறகு அந்தப் பேச்சு நின்றது.

அடுத்த இடம் தண்ணீர்த் தொட்டி. குளிர் அறையில் வைத்திருந்த குச்சிகளுக்கு ஒட்டுக் கட்டும் முன் ஈரம் ஏற்ற வேண்டும் என்று, அவற்றை ஒன்று இரண்டு நாள் தொட்டி நீரில் ஊற வைப்பார்கள். ஊரில் விதைநெல்லை ஊறப் போடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இது முதலில் மிக இயல்பான காரியமாகத்தான் தெரிந்தது. ஆனால் வெவ்வேறு தாய்த்தோட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான குச்சிகள், திறந்த வெட்டுமுனைகளோடு ஒரே நீரை உறிஞ்சுகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தொட்டி ஒரு கூட்டுப் பாத்திரம் என்பது புரியும். தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் ஊறவைத்த நீரிலும், ஒட்டுக் கருவிகளிலும், வெட்டுவாயை இணைக்கும் கேலஸ் திசுவை வளர்க்கும் ஊடகத்திலும் இந்தப் பூசணங்களின் டிஎன்ஏவைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஊறல் நேரத்தைக் குறைப்பது, ஒவ்வொரு தொகுதிக்கும் நீரை மாற்றுவது, தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது ஆகிய மூன்றும் எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யாத வேலைகள் என்பதாலோ என்னவோ, பண்ணைகளில் முதலில் கைவிடப்படுவதும் இவைதான்.

ஒட்டுக் கட்டி, மேல்முனையை உருகிய மெழுகில் தோய்த்து, பெட்டிகளில் அடுக்கி, 28 முதல் 30 டிகிரி வெப்பத்திலும் நிறைந்த ஈரப்பதத்திலும் இரண்டு மூன்று வாரங்கள் வைக்கும்போது, வெட்டுவாயில் கேலஸ் என்னும் ஆறுதிசு திரண்டு இரண்டு துண்டுகளும் ஒன்றாகின்றன. கொடிக்கு இதமான அந்த அறை பூசணத்துக்கும் இதமானதே.

மருந்து அடித்து இதைத் தீர்க்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய தோட்டங்களில் எஸ்கா என்னும் தண்டு நோய்க்குச் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். ஆர்சனிக் நஞ்சு என்பதால் பிரான்சு அதை 2001இலும் ஸ்பெயின் 2003இலும் தடை செய்தன. நாற்றுப் பண்ணைகளில் குச்சிகளை நனைக்கப் பயன்பட்ட கார்பென்டசிமுக்கும் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. பூஞ்சாணக்கொல்லியில் குச்சியை நனைப்பது பட்டை மீதுள்ள வித்துகளையும் சாம்பல் பூசணத்தையும் குறைக்கும். ஆனால் முதிர்ந்த கட்டைக்குள், நீர்க்குழாயின் உள்ளே வாழும் பூசணத்தை அந்த நீர்க்கரைசல் எட்டுவதில்லை. கட்டைக்குள் முழுமையாகப் புகக்கூடியது வெப்பம் ஒன்றே.

அதனால்தான் வெந்நீர். உறக்கத்தில் இருக்கும் குச்சிகளையோ பிடுங்கிய நாற்றுகளையோ 50 டிகிரி நீரில் 30 நிமிடம் முக்கி வைப்பது தென்னாப்பிரிக்காவில் நன்கு சோதிக்கப்பட்ட முறை. பிடுங்கிய நாற்றுகளை இவ்வாறு முக்கியபோது கருங்கால் பூசணங்களை அவற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை என்று அங்குள்ள ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். பெட்ரி நோய்ப் பூசணங்கள் அவ்வளவு எளிதில் மடிவதில்லை. ஃபேயோஅக்ரிமோனியத்தில் சில வகைகள் 50 டிகிரியைத் தாங்கிவிடுகின்றன. எனவே வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்து, ஸ்பெயினின் சூழலில் 53 டிகிரியில் 30 நிமிடம் வரை நாற்று தாங்கும் என்று காட்டினார்கள். ஃபைட்டோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா வகை நுண்ணுயிரால் வரும் ஃப்ளாவெசான்ஸ் தொரே நோய்க்கு ஐரோப்பாவில் வழக்கமான அளவு 50 டிகிரியில் 45 நிமிடம். ஒரே தொட்டியில் இரண்டு நோக்கங்களுக்காகவும் வேலை செய்யும் பண்ணைகளில் இந்த எண்கள் குழம்பிப்போவதுண்டு என்பதால், தொட்டிக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது.

50 டிகிரி என்றால் 50 டிகிரிதான். குச்சி தாங்கும் அளவைத் தாண்டிக் கூடினால் மொட்டு சாகலாம், மூன்று டிகிரி குறைந்தால் பூசணம் பிழைக்கலாம். குச்சிகளைத் தொட்டியில் இறக்கியதும் நீரின் வெப்பம் சட்டென்று இறங்கும். மீண்டும் ஏறிய பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். கட்டு பெரிதாக இருந்தால் நடுவில் இருக்கும் குச்சிக்குச் சூடு போய்ச் சேராது. எந்த ரகம் என்பதும் முக்கியம். பினோ நுவார் வெந்நீருக்கு மிகவும் நொந்துபோகும், கபர்னே சோவின்யோன் பொறுத்துக்கொள்ளும். குளிர்ந்த பகுதியில் வளர்ந்த குச்சியைவிட வெப்பமான பகுதியில் வளர்ந்த குச்சி அதிகம் தாங்குகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பண்ணையின் அளவை அப்படியே எடுத்து இங்கே போட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நான் செய்த தவறு இதற்கெல்லாம் பிந்திய கட்டத்தில் நேர்ந்தது. முன்பு வேலை பார்த்த வேறொரு பண்ணையில், வெந்நீரிலிருந்து எடுத்த கட்டுகளைக் குளிர்நீரில் ஆற்றிவிட்டு, லாரி வந்து நின்ற அவசரத்தில், நீர் வடியும் முன்பே பிளாஸ்டிக் பைகளில் போட்டு வாயை இறுகக் கட்டச் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் குளிர் அறையில் முதல் பையைப் பிரித்தபோது எழுந்த வாடையை இன்றும் மறக்கவில்லை; நாள்பட்ட நீராகாரத்தைத் திறந்தது போலப் புளிப்பும் சாராயமும் கலந்த வாடை. வெந்நீரில் முக்கிய குச்சி சில நாட்கள் வழக்கத்தைவிட வேகமாக மூச்சு விடும். அதற்குக் காற்று கிடைக்காவிட்டால் உள்ளேயே நொதிக்கும். பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். பச்சை இருக்க வேண்டிய இடம் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. பாதிக்கு மேல் எரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பண்ணை முதலாளி திட்டவில்லை; மறுநாள் காலை என்னை அழைத்துப் பைகளில் ஓட்டை போடும் கம்பியைக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். அன்று முதல் நீர் சொட்டுவது முழுமையாக நின்ற பிறகே பை, பையிலும் ஓட்டைகள்.

வெந்நீரின் இன்னொரு பக்கத்தைப் பலரும் சொல்வதில்லை. அது பகைப் பூசணத்தோடு, கட்டையில் தீங்கின்றி வாழ்ந்த மற்ற உயிர்களையும் துடைத்துவிடுகிறது. காலியான வீட்டுக்கு முதலில் யார் குடிவருகிறார்கள் என்பது அடுத்து எந்தத் தொட்டியில், எந்த மண்ணில் அந்தக் குச்சி போய் விழுகிறது என்பதைப் பொறுத்தது. குச்சிகளை வெந்நீரில் முக்கிவிட்டுப் பழைய ஊறல் நீரிலேயே மறுபடியும் போடுகிற பண்ணையை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட முக்காமல் இருந்திருந்தால் மின்கட்டணமாவது மிஞ்சியிருக்கும்.

அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் ட்ரைக்கோடெர்மா. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இது புதிதில்லை. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி என்னும் கணக்கு ஊரில் எல்லாருக்கும் தெரியும். இங்கே திராட்சைக்கு ட்ரைக்கோடெர்மா அட்ரோவிரிடே என்னும் இனத்தின் குறிப்பிட்ட உள்வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஊறல் நீரிலும், கேலஸ் ஊடகத்திலும், நடும் முன் வேர் நனைப்பிலும் அதைச் சேர்க்கலாம். முன்கூட்டியே வெட்டுக் காயத்தில் குடியேறி, பின்னால் வருகிறவனுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே அதன் வேலை. ஏற்கெனவே குழாய்க்குள் ஆழமாகப் போய்விட்ட பெட்ரி பூசணத்தை அது துரத்திப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். எங்கள் சோதனைகளில் ஓராண்டு நன்றாகப் பிடித்துக்கொள்ளும், மறு ஆண்டு ஒட்டு மேல்பகுதியில் தேடினாலும் கிடைக்காது. ஒரு நாள் ட்ரைக்கோடெர்மாவில் நனைத்துவிட்டு மறுநாள் பூஞ்சாணக்கொல்லியில் நனைப்பவர்களும் உண்டு; ட்ரைக்கோடெர்மாவும் பூசணம்தான் என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

கருங்கால் நோயின் வழி வேறு. குச்சிகள் நாற்றங்காலுக்குப் போகும்போது பெரும்பாலும் அந்தப் பூசணம் இல்லாமலேயே போகின்றன. ஏப்ரல் மே மாதங்களில் நட்டு ஆண்டின் இறுதியில் பிடுங்கும் வரையிலான மாதங்களில்தான், அடியில் வெட்டிய திறந்த முனை வழியாகவும் வேர்கள் வழியாகவும் மண்ணிலிருந்து ஏறிக்கொள்கிறது. எனவே இதற்கு எதிரான போர் நிலத்தில்தான் நடக்கிறது. ஒரே வயலில் ஆண்டுதோறும் நாற்று விடாமல் இடையில் தானியமோ காய்கறியோ பயிரிட்டு நிலத்தை மாற்றுவது, நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவை எல்லாரும் அறிந்தவை. இங்கே சில ஆண்டுகளாகப் பேசப்படுவது வெள்ளைக் கடுகு. அதை விதைத்து, பூக்கும் பருவத்தில் நறுக்கி, பச்சையாகவே மண்ணுக்குள் உழுது மூடிவிட்டால், அதன் கார நெடி மண்ணில் உள்ள பூசணத்தைக் குறைக்கிறது. கடுகை நீர் விட்டு அரைக்கும்போது மூக்கில் ஏறுகிற அதே வகைக் காரம்தான் வேலை செய்கிறது என்பதை இங்குள்ள சக ஊழியர்களுக்கு விளக்க, வீட்டுக்கு அழைத்து அரைத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஸ்பெயினில் நாற்றங்கால் நிலத்தில் நடந்த சோதனைகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் கடுகு நறுக்கப்பட்டவுடன் மண்ணில் ஈரமும் மூடாக்கும் இல்லாவிட்டால் காரமெல்லாம் காற்றில் போய்விடும்.

வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் சான்று பெற்ற திராட்சை நாற்றுக் கட்டின் மீது நீலச் சீட்டு தொங்கும். அந்தச் சீட்டு முதன்மையாகத் தாய்ச்செடியின் வைரஸ் சோதனையையும் ரகத் தூய்மையையும் குறித்தது; தண்டுப் பூசணங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஒவ்வொரு நாற்றையும் வெட்டாமல் சோதிக்க வழியில்லை, வெட்டினால் விற்க முடியாது என்பதால் சட்டம் இயற்றுவோரைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆய்வகத்திலும் சிக்கல் உண்டு. ஃபேயோமோனியெல்லா மிக மெதுவாக வளரும். ஆய்வக வளர்ப்புத் தட்டில் அது முகம் காட்ட மூன்று நான்கு வாரங்கள் ஆகும், அதற்குள் வேறு பூசணங்கள் தட்டை மூடிவிடும். டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறை விரைவானது, ஆனால் வெந்நீரில் செத்த பூசணத்தின் டிஎன்ஏவையும் உயிருள்ளதாகவே காட்டக்கூடும். வெந்நீர் முறை தோற்றுவிட்டது என்று ஒருமுறை அறிக்கையே எழுதிவிட்டு, தட்டில் எதுவும் வளராததைப் பார்த்துக் கிழித்துப் போட்டேன்.

அப்பா இப்போது ஒவ்வொரு முறை பேசும்போதும் நம் பக்கத்துக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்கிறார். கம்பத்தில் பன்னீர் திராட்சையைப் பெரும்பாலும் சொந்த வேரிலேயே குச்சி ஊன்றி வளர்க்கிறார்கள். ஒட்டு இயந்திரம், கேலஸ் அறை எதுவும் இல்லை. மகாராஷ்டிரத்தில் டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடியை முதலில் வயலில் நட்டு வளர்த்து, அங்கேயே ஒட்டுக் கட்டுகிறார்கள். அங்கேயும் காயங்களின் எண்ணிக்கை குறைவு. ஆனால் குச்சி எந்தத் தாய்க்கொடியிலிருந்து வருகிறது என்னும் கேள்வி இரண்டு இடங்களுக்கும் பொது. பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து செய்து தள்ளிய கொம்புகளை ஓசியில் வாங்கி வந்து நடுவது ஊரில் நடப்பதுதான். அப்படி வாங்கும்போது பத்துக் கொம்புகளையாவது அடிமுனையில் குறுக்கே வெட்டி, கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள் என்றேன். தண்டு வெள்ளையாக இருந்தால் ஊன்றலாம். கருப்புத் துளி எழுந்தால் அந்தக் கொடியையே விட்டுவிட வேண்டும், புள்ளி வரும் பகுதியை மட்டும் நறுக்கிவிட்டு மீதியை நடக் கூடாது.

போன மாதம் அப்பா ஒரு படம் அனுப்பினார். வெட்டிய பத்துத் துண்டுகள், தோட்டத்துக் கிணற்றுச் சுவர் மீது வரிசையாக நின்றன. எட்டு வெள்ளை. இரண்டில் நெட்டியைச் சுற்றிப் பழுப்பு நிறம் இருந்தது. துளி எதுவும் எழவில்லை. அது பூசணமா, பழைய வெட்டுக்காயத்தின் கறையா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்த இரண்டு கொம்புகளும் ஒரே கொடியில் வெட்டியவையா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.